மடித்தால் பைக்குள், விரித்தால் இரு பக்கம்: இரட்டைத் திரைக் கைக்கணினி யாருக்கு ஏற்றது?

காத்தோங், மரின் பரேட் வட்டாரவாசிகள் நெடுங்காலமாகப் பேருந்தையே நம்பியிருந்தனர். 2024ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் தஞ்சோங் காத்தோங், மரின் பரேட் உள்ளிட்ட ஏழு நிலையங்கள் திறக்கப்பட்டதும் ஆர்ச்சர்ட் வரை ரயில் மாறாமலே போக முடிகிறது. அந்தப் பயண நேரத்தில் செய்தி படிப்போர், நாடகம் பார்ப்போர், அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவோர் எனப் பலரின் கண்களும் திரையில்தான்.

அவர்களிடையே புத்தகத்தைப் போல் சாதனத்தை விரித்துப் பிடித்திருப்போரும் இப்போது கண்ணில் படுகின்றனர். மூடினால் கைப்பேசி அளவு, திறந்தால் கைக்கணினி அளவு. பார்த்தவுடன் ஆசை வருவது இயல்பு. “நாமும் ஒன்று வாங்கலாமா?” என்ற கேள்வி வீட்டுக்கு வந்ததும் எழுகிறது.

விலை இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டும்போது அது சாதாரணக் கேள்வியன்று. பிள்ளையின் பள்ளிச் செலவு, பெற்றோரின் கண் சிகிச்சை, ஊருக்குப் போகும் விமானச் சீட்டு எல்லாம் அதே பணத்திலிருந்துதான் வரவேண்டும். ஆகவே, மடியும் இரட்டைத் திரைச் சாதனத்தால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

மடிக்கணினியும் மடியும் கணினியும்

தமிழில் ‘மடிக்கணினி’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினி என்பது அதன் பொருள். இங்கே பேசப்படுவது வேறு. திரையே இரண்டாக மடியும் கைக்கணினி இது. ஒரே சொல் இரண்டு பொருளையும் தாங்கி நிற்பதால், இணையக் கடைகளில் தமிழில் தேடுவோர் குழம்பிவிடக்கூடாது.

மடியும் சாதனங்களிலும் இரண்டு வகை உண்டு. விளம்பரங்களில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் குணம் வேறு.

முதல் வகையில் இரண்டு தனித்தனிக் கண்ணாடித் திரைகள் இருக்கும். நடுவில் கதவுக்கு இருப்பது போன்ற கீல் அவற்றை இணைக்கும். திறந்தால் இரு திரைகளுக்கு நடுவே ஒரு கோடு அல்லது இடைவெளி தெரியும். இதுவே உண்மையான இரட்டைத் திரைச் சாதனம்.

இரண்டாவது வகையில் உள்ளே ஒரே திரைதான். வளையக்கூடிய பொருளால் செய்யப்பட்டதால் அந்தத் திரையே மடியும். நடுவில் இடைவெளி இராது. ஆனால், மடிப்பு விழும் இடத்தில் மெல்லிய தடம் தெரியும். இன்று கடைகளில் அதிகம் விற்பது இந்த வகைதான்.

ஏன் இரண்டாம் வகை முதல் வகையை முந்தியது? அதை அறிய, இதுவரை வந்துபோன சில சாதனங்களின் கதையைப் பார்க்கவேண்டும்.

சோனியின் முதல் முயற்சி

ஐபேட் வெளிவந்து ஓராண்டு கழித்து, 2011ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் ‘டேப்லட் பி’ என்ற சாதனத்தை அறிமுகம் செய்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஜப்பானிலும் 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. மூடினால் நீளமான கண்ணாடிக் கூடு போல் இருக்கும். கோட்டுப் பைக்குள் வைக்கலாம். எடை 372 கிராம்.

திறந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என 5.5 அங்குலத் திரைகள் இரண்டு. மின்னஞ்சல் பட்டியல் ஒரு திரையிலும் கடிதம் மறு திரையிலும் தெரியும். எழுதத் தொடங்கினால் கீழ்த் திரை முழுவதும் விசைப்பலகையாக மாறும். காணொளி பார்க்கும்போது படம் மேலே, பொத்தான்கள் கீழே. எண்ணம் நல்ல எண்ணம்தான்.

சிக்கல் அளவில் இருந்தது. ஒவ்வொரு திரையும் சுமார் 12.6 சென்டிமீட்டர் நீளம், 5.9 சென்டிமீட்டர் அகலம். புத்தகம்போல் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால், ஒரு பக்கத்தின் அகலம் 5.9 சென்டிமீட்டர்தான். இன்றைய சாதாரணக் கைப்பேசித் திரையைவிடக் குறுகலானது அது. இரண்டு திரை இருந்தும் எழுத்துக்கு இடம் போதவில்லை.

இரண்டையும் சேர்த்து ஒரே படமாகப் பார்க்கலாம் என்றால், நடுவில் கறுப்புப் பட்டை குறுக்கிட்டது. வரைபடத்தில் சாலை பாதியில் மறையும். புகைப்படத்தில் முகம் இரண்டாகப் பிரியும். இரட்டைத் திரைக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் குறைவாக இருந்ததால் மற்றவை பொருந்தாமல் கிடந்தன.

இன்று யாரேனும் அந்தச் சாதனத்தைப் பழைய பொருளாக வாங்கிச் சிம் அட்டை போட்டால் சிங்கப்பூரில் பயன் இராது. அது 3ஜி காலத்துச் சாதனம். இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2024ஆம் ஆண்டில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டன. வீட்டு வைஃபையில் மட்டுமே அது இயங்கும்.

மாணவருக்கென்று வந்த பெரிய ஏடு

சோனிக்குச் சற்று முன்னரே, 2010ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ‘நோ’ என்ற புதிய நிறுவனம் மாணவர்களுக்கென்றே இரட்டைத் திரைக் கைக்கணினியை அறிவித்தது. ஒவ்வொரு திரையும் 14.1 அங்குலம். பாடநூலை விரித்து வைத்ததுபோல் இரு பக்கங்களும் முழு அளவில் தெரியும். எழுதுகோலால் ஓரத்தில் குறிப்பும் எழுதலாம்.

அதன் எடை சுமார் இரண்டரைக் கிலோ. விலை 899 அமெரிக்க டாலர். பாடநூல் சுமையைக் குறைக்க வந்த சாதனமே ஒரு சுமையாகிவிட்டது. 2011ஆம் ஆண்டிலேயே நிறுவனம் சாதனத் தயாரிப்பைக் கைவிட்டு, சாதாரணக் கைக்கணினிகளில் ஓடும் மின்பாடநூல் மென்பொருளுக்கு மாறியது. 2013ஆம் ஆண்டில் இன்டெல் அதை வாங்கியது.

சோனியின் திரை குறுகலாக இருந்து தோற்றது. நோவின் திரை பெரிதாக இருந்து தோற்றது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். சட்டைப் பைக்குள்ளும் அடங்கவேண்டும், முழுப் பக்கமும் காட்டவேண்டும் என்று ஒரே பொருளிடம் கேட்பதில் உள்ள சிரமத்தை இந்த இரண்டும் காட்டின.

மைக்ரோசாஃப்டின் மெல்லிய ஏடு

இந்த வகையில் மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டது மைக்ரோசாஃப்டின் ‘சர்ஃபேஸ் டுவோ’. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் 1,399 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது.

5.6 அங்குலத் திரைகள் இரண்டு. சோனியின் நீளத் திரையைப்போல் அல்லாமல், நான்குக்கு மூன்று என்ற அளவில் புத்தகப் பக்கத்தின் வடிவில் அவை அமைந்தன. ஒவ்வொன்றும் சுமார் 11.4 சென்டிமீட்டர் உயரம், 8.5 சென்டிமீட்டர் அகலம். விரித்தால் தடிமன் 4.8 மில்லிமீட்டர், எடை 250 கிராம். கீல் 360 பாகையும் சுழலும். புத்தகமாகவும் பிடிக்கலாம், கூடாரம்போல் மேசையில் நிறுத்தவும் செய்யலாம், முழுவதும் பின்னால் மடித்து ஒரே திரையாகவும் பயன்படுத்தலாம்.

மின்நூல் படிக்கும்போது இடம் ஒரு பக்கம், வலம் ஒரு பக்கம் எனத் தெரிந்தது. எப்போதும் சேர்த்துப் பயன்படுத்தும் இரண்டு செயலிகளை ஒரே தொடுதலில் இரு திரைகளிலும் திறக்கும் வசதியும் இருந்தது. இரட்டைத் திரை எதற்கு என்ற கேள்விக்குக் கிடைத்த தெளிவான பதில் அதுவே.

ஆனால், மென்பொருள் தடுமாறியது. தொடுதலுக்குத் தாமதமாகப் பதில் தந்தது, எந்தப் பக்கம் திருப்பினோம் என்று அறியாமல் திணறியது போன்ற குறைகளைத் தொடக்கக்கால விமர்சனங்கள் சுட்டின. 5ஜி இல்லை. அட்டையைத் தட்டிக் கட்டணம் செலுத்துவதற்குத் தேவையான வசதியும் இல்லை. 2021ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு இவற்றைச் சரிசெய்தது. ஆனால், துருத்திக்கொண்டிருந்த கேமராவால் அதைப் பின்னால் முழுமையாகத் தட்டையாக மடிக்க இயலவில்லை.

மூன்றாம் பதிப்பு வரவே இல்லை. முதல் சாதனத்திற்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2023ஆம் ஆண்டிலும் இரண்டாவதற்கான புதுப்பிப்பு 2024ஆம் ஆண்டிலும் நின்றுபோயின. திரையும் கீலும் நன்றாகவே இருக்கும். ஆனாலும், மூன்றே ஆண்டுகளில் சாதனம் பாதுகாப்பற்றதாகிவிட்டது. ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

வளையும் திரை தந்த விடையும் புதிய கவலையும்

நடுக்கோட்டுச் சிக்கலுக்கு விடையாக வந்தது வளையும் ஒற்றைத் திரை. சாம்சுங் தன் முதல் ‘கேலக்சி ஃபோல்ட்’ சாதனத்தை 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் விற்கத் திட்டமிட்டிருந்தது. மதிப்புரைக்காகக் கொடுக்கப்பட்ட சில சாதனங்களின் திரை சில நாள்களிலேயே பழுதானது. சிலர் திரைமேல் இருந்த பாதுகாப்புப் படலத்தை ஒட்டுத்தாள் என நினைத்து உரித்துவிட்டனர். வேறு சிலவற்றில் கீலின் இடுக்கு வழியாகத் துகள் புகுந்து திரைக்கு அடியில் தங்கியது.

நிறுவனம் விற்பனையைத் தள்ளிவைத்து, படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் செலுத்தி, கீலின் முனைகளை மூடி, செப்டம்பரில் மீண்டும் வெளியிட்டது. அந்த மாதமே அது சிங்கப்பூருக்கும் வந்தது. பின்னர் வந்தவற்றில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி பயன்படுத்தப்படுகிறது. அப்படியிருந்தும் அதன்மேல் ஒரு மென்மையான படலம் தேவைப்படுகிறது. நகத்தால் அழுத்தினால்கூடத் தடம் விழ வாய்ப்புண்டு.

அடுத்ததாக மூன்றாக மடியும் சாதனங்களும் வந்துவிட்டன. ஹுவாவேயின் ‘மேட் எக்ஸ்டி’ 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவிலும் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் உலகச் சந்தைக்கும் அறிமுகமானது. விரித்தால் 10.2 அங்குலம். ஐரோப்பாவில் அதன் விலை 3,499 யூரோ.

இரட்டைத் திரை முற்றிலும் மறைந்துவிடவில்லை. பைக்குள் வைக்கும் அளவிலிருந்து மேசைக் கணினி அளவுக்கு அது நகர்ந்துள்ளது. லெனோவோ 2023ஆம் ஆண்டில் அறிவித்த ‘யோகா புக் 9ஐ’ கணினியில் 13.3 அங்குலத் திரைகள் இரண்டு. ஆசுசின் ‘ஜென்புக் டுவோ’ 2024ஆம் ஆண்டில் 14 அங்குலத் திரைகள் இரண்டுடன் வந்தது. இரண்டுக்கும் தனியாக எடுத்து வைக்கக்கூடிய விசைப்பலகை உண்டு.

நிறைகள்

இரட்டைத் திரையின் முதல் பலம், இரண்டு வேலைகளை அருகருகே வைத்துச் செய்ய முடிவது. மூலத்தை ஒரு பக்கம் பார்த்தபடி மறு பக்கம் மொழிபெயர்ப்பவர், காணொளிச் சந்திப்பில் பேசியபடி குறிப்பெடுப்பவர், துணைப்பாட வகுப்பில் கேள்வித்தாளைத் திறந்துவைத்து விடை எழுதிக் காட்டும் ஆசிரியர் ஆகியோருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்கும் வேலை இல்லை.

இரண்டாவது, இடம். வீவக வீட்டு உணவு மேசையிலோ ரயில் இருக்கையிலோ பெரிய கணினியை விரிக்க முடியாத இடத்தில் இதை விரிக்கலாம். கடைக்குப் போகும்போது தனியாக ஒரு பை தேவையில்லை.

மூன்றாவது, பாதுகாப்பு. மூடியிருக்கும்போது உள்திரை மறைந்திருப்பதால் சாவி, சில்லறை உரசிக் கீறல் விழாது. இரண்டு தனிக் கண்ணாடி உள்ள வகையில் திரை கடினமானது. எழுதுகோலால் அழுத்தி எழுதினாலும் தாங்கும். வளையும் திரைக்கு இந்த பலம் குறைவு.

நான்காவது, பாதியாக மடித்து நிறுத்தலாம். தாங்கி இல்லாமலே ஊரில் உள்ள உறவினருடன் காணொளியில் பேசலாம். சமையல் குறிப்பைப் பார்த்தபடி சமைக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு அகலம் வேண்டும்

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனிப்பட்ட ஆதாயம் ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்கும். ‘பேசிக்கொண்டிருந்தபோது’ என்ற ஒரு சொல்லே குறுகிய திரையில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளெழுத்து வந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொற்களே மிஞ்சும். கண் வரிக்கு வரி தாவுவதால் படிப்பது களைப்பைத் தரும். எட்டு அங்குலத் திரையில் அதே எழுத்து அளவில் வரிக்கு நான்கைந்து சொற்கள் கிடைக்கும். அச்சிட்ட புத்தகத்தைப் படிக்கும் ஓட்டம் திரும்பும்.

பழைய நூல்களுக்கு இது இன்னும் பொருந்தும். சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி, சுதந்திரத்துக்குப் பிந்திய 50 ஆண்டுகளில் வெளிவந்த ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள் மின்னிலக்கமாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியத்திடம் சேர்க்கப்பட்டன. பொதுவாக, அச்சு நூலை வருடி எடுத்த பக்கங்கள் படம் போன்றவை. அவற்றில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்தவேண்டும். பக்க வடிவிலான அகலத் திரையில் அந்தத் தொல்லை குறையும்.

தட்டச்சும் அப்படியே. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அறிமுகமானது முதல், கைப்பேசியில் தமிழில் எழுதுவது எளிதாகியுள்ளது. என்றாலும், தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் அமைவதால், இரு கை விரல்களுக்கும் இடம் இருந்தால்தான் அதன் வேகம் தெரியும். கீழ்த் திரை முழுவதையும் விசைப்பலகையாக்கினால் பொத்தான்கள் பெரிதாகும். எழுதும் வரி மறையாது. ஆனால், கண்ணாடியில் விரலுக்கு அழுத்தும் உணர்வு கிடைக்காது. நீண்ட கட்டுரை எழுதுவோருக்குத் தனி விசைப்பலகையே நல்லது.

குறைகள்

விலைதான் முதல் குறை. மடியும் சாதனம் ஒன்றின் விலையில் நல்ல கைப்பேசியும் சாதாரணக் கைக்கணினியும் சேர்த்து வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். அவை இரண்டில் ஒன்று கெட்டாலும் மற்றொன்று கையில் இருக்கும். மடியும் சாதனம் கெட்டால் பேசவும் வழியில்லை, படிக்கவும் வழியில்லை.

இரண்டாவது, பழுது. சாதாரணக் கைப்பேசியில் அசையும் பாகம் ஏறக்குறைய இல்லை. இங்கே கீல் தினமும் அசைகிறது. சாம்சுங் தன் சாதனங்களை 200,000 முறை மடித்துச் சோதித்ததாகக் கூறியது. ஒரு நாளைக்கு 100 முறை மடித்தால் அது ஐந்தரை ஆண்டுக் கணக்கு. சோதனைக்கூடத்தில் இயந்திரம் ஒரே சீராக மடிக்கும். வீட்டில் பிள்ளை ஒரு மூலையைப் பிடித்து மடிக்கும். உள்திரையை மாற்றும் செலவு சாதாரணத் திரையைவிடப் பல மடங்கு என்பதால், வாங்கும்போதே அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, படம் பார்ப்பது. திரை பெரியது, திரைப்படம் பெரிதாகத் தெரியும் எனப் பலரும் எண்ணுகின்றனர். விரித்த திரை ஏறக்குறைய சதுரம், திரைப்படமோ அகலமானது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில்தான் படம் ஓடும். எட்டு அங்குலச் சதுரத் திரையில் தெரியும் படம், அதே அளவுள்ள சாதாரணக் கைக்கணினியில் தெரிவதைவிடச் சிறியது. திரைப்படத்துக்காக மட்டும் வாங்குவோர் ஏமாறுவர்.

நான்காவது, மின்கலம். இரண்டு திரைகள் ஒளிர்ந்தால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். மெல்லிய இரு பாதிகளுக்குள் பெரிய மின்கலம் வைக்கவும் இடமில்லை. நாள் முழுவதும் வெளியே இருப்போர் மின்னேற்றியைச் சுமக்க நேரிடும்.

ஐந்தாவது, செயலிகள். பெரிய நிறுவனங்களின் செயலிகள் விரிந்த திரைக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. சிறிய நிறுவனங்களின் செயலிகளில் பல கைப்பேசிக்கென்றே எழுதப்பட்டவை. தினமும் பயன்படுத்தும் செயலிகளைக் கடையில் உள்ள காட்சிச் சாதனத்தில் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

கடற்கரை மணலும் திடீர் மழையும்

காத்தோங்வாசிகளுக்குக் கூடுதலாக ஒரு கவலை. நடந்து போகும் தூரத்தில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா. மாலையில் மெதுவோட்டம், வார இறுதியில் குடும்பத்தோடு பாய் விரித்து உட்காருவது வழக்கம். கீலுக்கு மணல்தான் முதல் எதிரி. ஒரு துகள் புகுந்து மூடும்போது மாட்டிக்கொண்டால், மென்மையான திரையில் அது ஊசியாகக் குத்தும்.

நீருக்கும் தூசுக்கும் எதிரான பாதுகாப்பை ‘ஐபி’ என்ற குறியீடு காட்டும். அதில் முதல் எண் தூசைக் குறிக்கும். இரண்டாவது எண் நீரைக் குறிக்கும். ‘ஐபி எக்ஸ்8’ என்றால் நீருக்குச் சோதனை உண்டு, தூசுக்கு இல்லை. ‘ஐபி 48’ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் புகாது; மணலின் நுண்துகள் புகலாம். ‘ஐபி 68’ என்றால்தான் தூசும் முழுமையாகத் தடுக்கப்படும். விளம்பரத்தில் ‘நீர் புகாது’ என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

பெற்றோர் பலரின் கேள்வி இது. தேசிய மின்னிலக்க அறிவுத் திட்டத்தின்கீழ், 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் தனிப்பட்ட கற்றல் சாதனம் கிடைக்க வழிசெய்யப்பட்டது. எந்தச் சாதனம் என்பதைப் பள்ளியே தேர்ந்தெடுக்கிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறையும். எடுசேவ் கணக்கிலிருந்தும் பணம் செலுத்தலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு.

அந்தச் சாதனத்தில் பள்ளியும் பெற்றோரும் கண்காணிக்கக்கூடிய மேலாண்மைச் செயலி நிறுவப்படுகிறது. பெற்றோர் தனியாக வாங்கித் தரும் விலையுயர்ந்த மடியும் சாதனம் அதற்கு ஈடாகாது. பிள்ளை இரண்டையும் சுமக்க நேரும். பைக்குள் தண்ணீர்ப் புட்டியும் பாடநூலும் அழுத்தும்போது கீல் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டு திரை இருந்தால் பாடம் ஒன்றிலும் விளையாட்டு மற்றொன்றிலும் ஓடவும் வாய்ப்புண்டு. கவனத்தை ஒருமுகப்படுத்தக் கற்கும் வயதில் ஒரே திரை போதும்.

மூத்தோருக்கு எப்படி?

பெரிய எழுத்து மூத்தோருக்கு உதவும் என்பது உண்மை. சிலோன் ரோட்டு ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்திற்குச் செல்லும்போது தேவாரத்தைத் திரையில் பார்த்துப் பாட விரும்பும் பாட்டிக்கு, கைப்பேசி எழுத்து சிரமமாகத்தான் இருக்கும்.

ஆனால், சாதனத்தை விரிக்க இரு கைகளும் சற்று வலுவும் வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இறுக்கமான கீல் தொல்லை. விரித்தால் ஒரு தோற்றம், மூடினால் வேறொரு தோற்றம் எனத் திரை மாறுவதும் குழப்பும். பழகிய பொத்தான் பழகிய இடத்தில் இருப்பதே அவர்களுக்கு நிம்மதி. எட்டு முதல் பதினொரு அங்குலம் வரையுள்ள சாதாரணக் கைக்கணினியும் ஒரு தாங்கியும் இந்தத் தேவையைக் குறைந்த செலவில் நிறைவேற்றும். எப்படிப் பயன்படுத்துவது என்பதை எஸ்ஜி டிஜிட்டல் தூதர்களிடம் கட்டணமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்முன் கேட்கவேண்டியவை

எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதே முதல் கேள்வி. அது நின்றபின் சிங்பாஸ், வங்கிச் செயலிகள் போன்றவை நாளடைவில் அந்தச் சாதனத்தை ஏற்காமல் போகலாம். சர்ஃபேஸ் டுவோவின் கதை இங்கே நினைவில் இருக்கவேண்டும்.

உத்தரவாதம் உள்ளூரில் செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி. வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்டு இங்கே இறக்குமதியான சாதனம் சில நூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கலாம். கீல் பழுதானால் உள்ளூர்ச் சேவை நிலையம் அதை ஏற்காவிட்டால் மலிவு நிலைக்காது. விழுந்து உடைவதும் தண்ணீர் பட்டுக் கெடுவதும் சாதாரண உத்தரவாதத்தில் சேராது. தனிக் காப்புறுதித் திட்டத்தின் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, குறையுள்ள பொருள் கிடைத்தால் என்ன செய்வது? சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ‘லெமன்’ சட்டம் நடப்பில் உள்ளது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லையென்று விற்பனையாளரே நிரூபிக்கவேண்டும். பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியாதபோது விலைக் குறைப்போ பணமோ கோரலாம். வாங்கியவர் கீழே போட்டு உடைத்ததற்கும் மனம் மாறியதற்கும் இது பொருந்தாது.

கடையிலிருந்து வாங்கிய பழைய பொருளுக்கும் இச்சட்டம் உண்டு. இணையத்தில் தனியாள் ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இல்லை. மலிவாக வரும் பழைய மடியும் சாதனத்தை எடுக்க நினைப்போர், நேரில் சந்தித்து, பலமுறை திறந்து மூடிப் பார்த்து, வெள்ளைப் பின்னணியில் திரை முழுவதும் கோடோ கறுப்புப் புள்ளியோ உள்ளதா எனச் சோதித்த பிறகே பணம் கொடுக்கவேண்டும்.

கெட்டுப்போன சாதனத்தைக் குப்பைக் குழாயில் போடக்கூடாது. உள்ளே உள்ள லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின்கீழ், கடைத்தொகுதிகளிலும் வேறு பொது இடங்களிலும் அதற்கெனத் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

இரண்டு ஆவணங்களை ஒரே நேரத்தில் பார்த்து வேலை செய்வோர், நாள்தோறும் ரயிலில் நீண்ட நேரம் படிப்போர், கணினிப் பையைச் சுமக்க விரும்பாமல் பல இடங்களுக்குச் சென்று தொழில் செய்வோர் ஆகியோருக்கு மடியும் சாதனம் கொடுத்த விலைக்கு உழைக்கும். இப்படிப்பட்டவர்களும் முதல் தலைமுறைச் சாதனத்தைத் தவிர்த்து, இரண்டு மூன்று பதிப்புகள் கண்டு தேறியதை எடுப்பது நல்லது.

திரைப்படம் பார்ப்பதும் குடும்பத்தாரோடு பேசுவதும் செய்தி படிப்பதும் மட்டுமே தேவை என்றால் சாதாரணக் கைக்கணினி போதும். அதிலேயே திரையை இரண்டாகப் பிரித்து இரு செயலிகளை அருகருகே வைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

ஒரு வாரத்துக்கு அந்த வசதியை வீட்டில் இருக்கும் கைக்கணினியில் பயன்படுத்திப் பார்க்கலாம். ஏழு நாளில் எத்தனை முறை உண்மையிலேயே இரண்டு திரை தேவைப்பட்டது என்று எண்ணினால், இரண்டாயிரம் வெள்ளிக் கேள்விக்கு விடை தானாகக் கிடைக்கும்.